வீட்டில் செய்தது

கேக் பாப் என்பது குச்சியில் செருகிய லட்டு. இதைவிடச் சுருக்கமாக அதை ஒரு தமிழருக்கு விளக்க முடியாது. கேக்கைச் சுட்டு, ஆறவைத்து, உதிர்த்து, கிரீம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கி, குச்சி செருகி, உருகிய சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும். பூந்தியை உதிரியாகப் பொரித்துப் பாகில் போட்டுப் பிறகு பிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. நன்றாக இருக்கும் ஒரு கேக்கை எதற்கு உதிர்த்து மறுபடி உருட்ட வேண்டும் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: குழந்தைகளுக்குக் குச்சி பிடிக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில், கலிஃபோர்னியாவில், நானும் என் மகளும் முப்பது கேக் பாப் செய்தோம். மறுநாள் அவளுடைய வகுப்பில் விடுமுறைக்கு முந்தைய விருந்து. அவளுக்கு ஐந்து வயது. ஒவ்வொன்றும் ஒரு பனிமனிதனின் தலையாக இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். வெள்ளைப் பூச்சு, கண்ணுக்கு இரண்டு சாக்லேட் புள்ளி, மூக்குக்கு ஆரஞ்சு நிற மிட்டாய்.

செய்யும்போதுதான் தெரிந்தது, இந்த விளையாட்டுச் சாமானுக்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு என்று. குச்சியை அப்படியே செருகினால் நிற்காது. நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டுச் செருகினால், அது இறுகிப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். கிரீம் கூடிவிட்டால் கனம் தாங்காமல் உருண்டை குச்சியை விட்டு வழுக்கி விழும். உருண்டை ரொம்பச் சில்லிட்டு, சாக்லேட் ரொம்பச் சூடாக இருந்தால் மேலோட்டில் விரிசல் விடும். எங்கள் பனிமனிதர்களில் ஏழெட்டுப் பேருக்கு மண்டையில் விரிசல். "பரவால்லப்பா, கீழ விழுந்துட்டாங்கன்னு சொல்லிக்கலாம்" என்றாள் மகள். படுக்கும்போது மணி பதினொன்றரை.

காலையில் வகுப்பு வாசலில் ஆசிரியை டப்பாவைப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம். வீட்டில் செய்த எதையும் வகுப்புக்குள் அனுமதிக்க முடியாது, கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத, உட்பொருள் பட்டியல் அச்சிட்ட பொருள் மட்டும்தான், மின்னஞ்சலில் சொல்லியிருந்தோமே என்றார். சொல்லித்தான் இருந்தார்கள். நான் தலைப்பை மட்டும் படித்திருந்தேன். வேலையிடத்தில் வருகிற எல்லா மின்னஞ்சலையும் அப்படிப் படித்துப் பழகிவிட்டது.

பக்கத்து சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடி, இரண்டு டப்பா சர்க்கரை பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அதை யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். மகள் அழவில்லை. "அவங்களுக்கு நம்ம வீட்ல செஞ்சது வேண்டாமா?" என்று மட்டும் கேட்டாள்.

காரில் திரும்பும்போது எனக்குக் கடுங்கோபம். ஏதோ ஒரு தொழிற்சாலையில், யாரென்றே தெரியாத ஒருவர் இயந்திரத்தில் ஊற்றிச் சுட்ட பிஸ்கட்டுக்கு இருக்கும் மரியாதை, ஒரு தகப்பனும் மகளும் ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து செய்ததற்கு இல்லை. என்ன சமூகம் இது, அன்பைக்கூடத் திருப்பி அனுப்புகிற சமூகம் என்றெல்லாம் மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதி முடித்துவிட்டேன். அந்தக் கட்டுரையை நல்லவேளையாக எங்கும் அனுப்பவில்லை. இது வேறு கட்டுரை.

*

முதலில் அந்த 'வீட்டில் செய்தது' என்ற பெருமையை எடுத்துக்கொள்வோம்.

கேக் பாப்பைப் பிரபலமாக்கியவர் அட்லாண்டாவைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி. 'பேக்கரெல்லா' என்ற பெயரில் எழுதியவர். 2008இல் அவருடைய குச்சி உருண்டைகள் மார்த்தா ஸ்டூவர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி வரை போயின. 2011இல் ஸ்டார்பக்ஸ் கடைகளில் கேக் பாப் விற்பனைக்கு வந்துவிட்டது. வீட்டுச் சமையலறையிலிருந்து உலகச் சங்கிலிக் கடைக்கு மூன்றே வருடம். ஆனால் அவருடைய அடிப்படைச் செய்முறையைப் பார்த்தால், ஒரு பெட்டி ரெடிமேட் கேக் மாவு, ஒரு டப்பா ரெடிமேட் கிரீம். மேல்பூச்சுக்கு வில்லையாகக் கிடைக்கும் இனிப்புப் பூச்சு. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் வெறுமனே உருக்கினால் போதும். அதாவது கேக் பாப் பிறந்ததே கடைப்பொருள்களை வீட்டில் சேர்த்துக் கட்டும் வேலையாக. நாங்களும் அப்படித்தான் செய்தோம். அசெம்பிளி என்று சொல்லலாம். நான் எழுதும் மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான் என்பதால் இதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் 'வீட்டில் செய்தது' என்று மார்தட்டும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிக் கேக் மாவைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. எல்லாம் பொடியாகவே இருந்து, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்றிருந்தபோது இல்லத்தரசிகள் குற்றவுணர்வில் அதை வாங்கவில்லையாம். 1950களில் ஓர் உளவியல் ஆலோசகர் வந்து, முட்டையை மட்டும் அவர்களையே உடைத்து ஊற்றவிடுங்கள் என்றாராம். விற்பனை பறந்ததாம். கதை அழகாக இருக்கிறது, ஆனால் முழு உண்மையில்லை. பிட்ஸ்பர்க்கின் டஃப் நிறுவனம் 1930களிலேயே புது முட்டையை வீட்டில் சேர்க்கும்படியான கலவைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. உலர்ந்த முட்டைப்பொடியைவிடப் புது முட்டையில் கேக் நன்றாகவும் வரும். இருந்தாலும் இந்தக் கதை இத்தனை வருடம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முட்டையை உடைத்துவிட்டால் அது 'நான் செய்தது' ஆகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி ஆகிய மூவரும் எழுதி 2012இல் ஓர் ஆய்விதழில் வெளியான கட்டுரை 'ஐகியா விளைவு' என்ற சொல்லைப் பரப்பியது. காகிதத்தில் கொக்கும் தவளையும் மடித்தவர்கள், தாங்கள் மடித்த கோணல்மாணல் உருவத்துக்கு, கைதேர்ந்தவர்கள் மடித்ததற்கு ஈடான விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அது கசங்கிய காகிதம். வேலையை முடிக்காமல் விட்டாலோ, கட்டியதைக் கலைத்துவிட்டாலோ அந்தப் பாசம் காணாமல் போனது.

ஆக, அன்றைக்கு வகுப்பு வாசலில் நான் நீட்டியது எது? அன்பு என்று நினைத்தேன். அதில் பாதி என் கையின் மேல் எனக்கிருந்த பிரியம். விரிசல் விட்ட பனிமனிதன் எனக்கு அழகாகத் தெரிந்தான். இன்னொருவர் கண்ணுக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்த எதிர்பார்ப்பில் ஓர் அதிகாரம் இருக்கிறது. 'நான் கஷ்டப்பட்டுச் செய்தேன், ஆகவே நீ சாப்பிட வேண்டும்.' பந்தியில் இலையை மூடப் போகிறவர் கையைத் தட்டிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி போடுகிற பாசத்தில் இருக்கும் அதே அதிகாரம்தான்.

*

அன்று இரவு பாத்திரம் தேய்க்கும்போது இன்னொன்று நடந்தது.

கேக்கைக் கையால் உதிர்க்கப் பொறுமையில்லாமல் மிக்ஸியில் போட்டுச் சுற்றியிருந்தேன். அந்த ஜாரைக் கழுவ எடுத்தபோதுதான் உறைத்தது. இரண்டு நாள் முன்பு இட்லிக்குக் கடலைப்பொடி அரைத்தது இதே ஜாரில். கழுவியிருந்தேன். ஆனால் மிக்ஸி பிளேடுக்கு அடியில், ரப்பர் வாஷர் ஓரத்தில் என்ன ஒட்டியிருக்கும் என்று மிக்ஸி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மகளின் வகுப்பில் ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. அவனுடைய பையில் ஒரு மஞ்சள் உறை எப்போதும் இருக்கும், அதற்குள் அவசர ஊசி. இது எனக்கு முன்பே தெரியும். மகள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பையனும் ஒரு பனிமனிதனைக் கேட்டிருப்பான். என் மகள் முதல் ஆளாக அவனுக்குத்தான் கொடுத்திருப்பாள். அவன் அவள் பக்கத்து இருக்கைக்காரன்.

ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் சிங்க் முன்னால் நின்று கைநடுங்கிய அந்த ஒரு நிமிடத்தில், காலையில் நான் எழுதி முடித்திருந்த கட்டுரை மொத்தமும் அழிந்தது.

அமெரிக்காவில் 2004இல் வந்த ஒரு சட்டம், பெட்டியில் அடைத்த உணவில் எட்டு ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் அவற்றைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்றது. பால், முட்டை, மீன், ஓடுள்ள கடலுணவு, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா. 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் சேர்ந்து ஒன்பது ஆயிற்று. கலிஃபோர்னியாவில் 2013 முதல் வீட்டில் சமைத்து விற்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. அதன்படி விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் 'வீட்டுச் சமையலறையில் செய்யப்பட்டது' என்ற வரி இருந்தாக வேண்டும். நம்மூரில் இதே வரியைப் போட்டால் விலையை ஏற்றலாம். 'ஹோம் மேட்' முறுக்கு, 'வீட்டு முறை' சாம்பார்ப் பொடி, 'பாட்டி கைப்பக்குவம்'. அங்கே அதே வரி ஓர் எச்சரிக்கை. வாங்குபவரே, இந்தச் சமையலறையை எங்கள் ஆட்கள் மற்ற உணவுக் கூடங்களைச் சோதிப்பதுபோலச் சோதிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொல் ஓரிடத்தில் விளம்பரம், ஓரிடத்தில் எச்சரிக்கை. எது சரி என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. ஆச்சி என்றால் டீச்சரின் தட்டு.

*

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. அந்தப் பக்கம் சர்ச்சும் அதைச் சுற்றிய வீடுகளும். அங்கிருந்துதான் டீச்சர் வருவார். எனக்கும் என் அக்காவுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். என் அம்மாவுக்கு நல்ல சிநேகிதி. தீபாவளிக்கு அம்மா ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் வைத்து அனுப்புவாள். கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டிலிருந்து அதே தட்டு நிரம்பி வரும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல். மேலே குரோஷா பின்னிய வெள்ளைத் துணி.

ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சிரித்த முகமாக வாங்குவாள். "எதுக்கு டீச்சர் இவ்வளவு சிரமம்" என்பாள். டீச்சர் தெரு முனை திரும்பியதும் தட்டு பின்கட்டுக்குப் போகும். மாட்டுக்கு வைக்கும் கழனித் தொட்டியில் கொட்டப்படும். கொட்டுவது என் வேலை. ஒன்பது வயதையொட்டி இரண்டு கிறிஸ்துமஸுக்கு நான்தான் கொட்டினேன் என்று நினைவு, மூன்றாகவும் இருக்கலாம். கொட்டுவதற்கு முன் ஒரு முந்திரிக்கொத்தை வாயில் போட்டுக்கொள்வேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பிறகு ஒரு வருடம் தட்டு வரவில்லை. பதிலாக டவுன் பேக்கரியின் அட்டைப்பெட்டி வந்தது. சணல் கட்டியிருந்தது. உள்ளே பிளம் கேக். ஆச்சி அதை வாங்கி வைத்துக்கொண்டாள், வெட்டச் சொன்னாள், ஒரு துண்டு சாப்பிட்டாள். "முட்டை போட்டிருப்பானோ" என்று ஒருமுறை கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பெட்டிக் கேக்தான். ஆச்சி சாகும்வரை.

அந்தக் கேக்கை யார் பிசைந்தார்கள், யார் வெட்டினார்கள், அவர்கள் கேட்டுக்கு எந்தப் பக்கத்து ஆட்கள் என்று ஆச்சிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அட்டைப்பெட்டி கைகளை மறைத்தது. மறைத்ததால் ஆச்சி தன் சாதியைக் கைவிடாமலேயே ஒரு கிறிஸ்துமஸ் பலகாரத்தைச் சாப்பிட முடிந்தது.

இதனால் கடைதான் சமத்துவம் என்று நான் சொல்ல வரவில்லை. கடைகளின் சரித்திரம் நமக்குத் தெரியும். 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய ஓட்டல்கள் இருந்த ஊர் இது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் நாள்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்ததும் கடைதான். ஆனால் பலகையை இறக்கச் சொல்லித் தெருவில் நின்று போராட முடிந்தது, அது கடை என்பதால். ஆச்சியின் பின்கட்டு முன்னால் யார் மறியல் செய்வது?

*

இப்போது கேள்விக்கு வரலாம். ஆச்சி டீச்சரின் தட்டை மறுத்தாள். பள்ளிக்கூடம் என் டப்பாவை மறுத்தது. இரண்டு இடத்திலும் கடைப்பொருள் உள்ளே போயிற்று, வீட்டில் செய்தது வெளியே நின்றது. காரில் வரும்போது எனக்குள் எரிந்தது டீச்சருக்கும் எரிந்திருக்கும். அப்படியானால் இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை என்று உடனே சொல்லத் தோன்றுகிறது. ஏன் ஒன்றில்லை என்று சொல்வதுதான் கொஞ்சம் கடினம். 'ஒன்றுக்கு மருத்துவக் காரணம் இருக்கிறது' என்றால் போதாது. சுத்தம், ஆரோக்கியம் என்ற பெயரில்தான் தீண்டாமை இன்றைக்கு அபார்ட்மெண்ட்களில் தனி லிஃப்டாகவும், வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளராகவும் வாழ்கிறது. காரணம் என்று ஒன்றைச் சொல்வது யாராலும் முடியும்.

நான் யோசித்து வந்து சேர்ந்த வித்தியாசங்கள் மூன்று.

முதலாவது, பள்ளி கேட்டது 'இதில் என்ன இருக்கிறது?' என்று. ஆச்சி கேட்டது 'இதை யார் செய்தது?' என்று. டீச்சர் வீட்டு முந்திரிக்கொத்தில் என்ன இருக்கும் என்று ஆச்சிக்கு நன்றாகவே தெரியும். வறுத்த பாசிப்பயறு, கருப்பட்டி, தேங்காய், அரிசிமாவு. எங்கள் வீட்டிலும் அதே சாமான், அதே கடை. உட்பொருள் பட்டியல் ஒட்டி அனுப்பியிருந்தாலும் ஆச்சிக்கு அதனால் பயனில்லை. பள்ளிக்கு நான் யார் என்பதில் அக்கறையே இல்லை. அந்த அக்கறையின்மைதான் அன்று என்னைக் காயப்படுத்தியது. அதுதான் அந்த விதியின் நியாயமும்கூட.

இரண்டாவது, பள்ளியின் மறுப்பை முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. மின்னஞ்சலில் எழுத முடிந்தது. எல்லாப் பெற்றோருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடிந்தது. ஆச்சியின் மறுப்புக்குத் திண்ணையில் ஒரு சிரிப்பும் பின்கட்டில் ஒரு தொட்டியும் தேவைப்பட்டன. ஒரு மறுப்பை அது யாரைப் பற்றியதோ அவரிடமே சொல்ல முடியாவிட்டால், அந்த மறுப்பில் ஏதோ அழுகியிருக்கிறது.

மூன்றாவது, அந்த விதி யாரைக் காக்கிறது என்பது. பள்ளியின் விதி அந்த அறையில் இருப்பவர்களிலேயே எளிதில் சாகக்கூடிய ஒருவனைக் காக்கிறது. அதற்காக மற்ற எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆச்சியின் விதி அந்தத் தெருவிலேயே எந்த ஆபத்தும் இல்லாத ஒருவரின் உயரத்தைக் காத்தது. விட்டுக்கொடுத்தது டீச்சர் ஒருவர்தான்.

என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கப்பட்ட உதாரணம் உண்டு. எவ்வளவு நெருங்கிய நண்பன் கொடுத்தாலும், உள்ளே என்னென்ன சார்புகள் இருக்கின்றன என்று தெரியாத ஒரு நிரலை நான் நேரடியாக சர்வரில் ஓட்ட மாட்டேன். பட்டியலைக் காட்டு என்பேன். அதில் அவன் மனம் நோக ஒன்றுமில்லை. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று அவன் கேட்டால், அந்த சர்வரை நம்பி இருப்பவர்கள் நான் மட்டுமில்லை என்பதுதான் பதில். ஆனால் அவன் பட்டியலைக் காட்டிய பிறகும், அவன் பெயரைப் பார்த்துவிட்டு நான் தயங்கினால், அது வேறு நோய்.

*

சரி, அப்படியானால் எல்லாமே சீல் வைத்த பெட்டியாகிவிடலாமே? கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பெட்டி யாரையும் கேள்வி கேட்பதில்லை, யாரையும் காயப்படுத்துவதில்லை, எல்லோருக்கும் ஒரே பட்டியலைக் காட்டுகிறது. அந்நியர்கள் சேர்ந்து வாழ இதைவிட நாகரிகமான ஏற்பாடு கிடையாது. ஒரு பெருநகரம் இதில்தான் ஓடுகிறது.

ஆனால் அந்நியர்களாகவே வாழ்ந்து முடித்துவிட முடியாது என்பதும் உண்மை. மார்செல் மாஸ் 1925இல் எழுதிய கொடைபற்றிய நூலில், கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது என்ற மூன்றுமே கடமைகள் என்றார். கொடுப்பதைப் பற்றித்தான் நாம் நிறையப் பேசுகிறோம். விருந்தோம்பல் என்ற அதிகாரம் வள்ளுவரிடம் இருக்கிறது. விருந்தாக வந்து உண்பவரின் அறத்துக்குத் தனி அதிகாரம் இல்லை. நான் எண்ணிப் பார்த்தவரை, வீட்டில் செய்ததைப் பொறுத்தவரை பெரிய கொடை வாங்கிக்கொள்பவருடையது. செய்பவர் தருவது மாவு, சர்க்கரை, இரண்டு மணி நேரம். சாப்பிடுபவர் தருவது தன் உடம்பை. நீ கழுவினாயா, நீ கவனமாக இருந்தாயா, உன் கை எந்தக் கை என்று கேட்காமல் வாயைத் திறக்கிறார். லேபிள் இருக்கும் இடத்தில் இந்தக் கொடைக்குத் தேவையே இல்லை. அதனால்தான் லேபிள் நாகரிகமானது; அதனால்தான் அது போதாததும்.

ஒரு கொடையைக் கோரிக் கேட்க முடியாது. டீச்சர் ஆச்சியிடம் கோரியிருக்க முடியாது என்பது அவருடைய நிலைமை. நான் அந்தப் பையனின் அம்மாவிடம் கோரக் கூடாது என்பது என் கடமை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் முப்பது கேக் பாப் செலவில் கற்றுக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பினேன். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் கேக் பாப் செய்யப்போகிறோம், உங்கள் பையனும் வந்தால் சந்தோஷம், ஆனால் எங்கள் வீட்டில் வேர்க்கடலை புழங்கும், இதுதான் நிலைமை என்று எழுதினேன். கடலைப்பொடிக்கு எங்கள் வீட்டில் உள்ள இடத்தையும் மறைக்கவில்லை. அவர் பதில் எழுத ஒரு நாள் ஆயிற்று. வந்தார்கள். அவர் சமையலறைக்குள் நின்று ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும் படித்தார். நான் புதிதாக வாங்கிய கிண்ணத்தையும் கரண்டியையும் காட்டினேன். மிக்ஸியை அலமாரிக்குள் பூட்டியிருந்தேன். கேக்கைக் கையால் உதிர்த்தோம். பையன் ஆறு பனிமனிதர்களுக்குக் கண் வைத்தான்.

அவன் சாப்பிடவில்லை. அவன் அம்மா தன் வீட்டில் செய்து கொண்டுவந்த சிறிய கேக்கை ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "நீங்கள் இவ்வளவு செய்தும் எனக்குத் தைரியம் வரவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட அந்த மறுப்பில், போன வருடம் எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று இருந்தது. போகும்போது தன் கேக்கில் ஒரு துண்டை என் மகளுக்குக் கொடுத்தார். மகள் ஒன்றும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

*

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். கேட்டைத் தாண்டி டீச்சர் வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்குகிறார். கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "யாரு, பெரிய வீட்டுப் பையனா, வா தம்பி" என்றார்.

பேச்சு எங்கெங்கோ போய்விட்டு வந்தது. நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். ஏன் அந்த வருடம் பலகாரத்தை நிறுத்திவிட்டுக் கேக் அனுப்பினீர்கள் என்று. எனக்கு ஏதாவது பெரிய பதில் வேண்டியிருந்தது போல. மன்னிப்பு, வேதனை, இப்படி ஏதோ ஒன்று.

டீச்சர் சிரித்தார். "மாட்டுத் தொட்டில கொட்டுததுக்கு நான் எதுக்குப்பா ரெண்டு நாள் அடுப்படியில நிக்கணும்? கேக்குன்னா கடையில காசக் குடுத்தா முடிஞ்சுது."

தெரிந்திருக்கிறது. எல்லா வருடமும் தெரிந்திருக்கிறது. திண்ணையில் ஆச்சி சிரித்தபோது எதிரில் நின்று இவரும் சிரித்திருக்கிறார்.

"அப்ப எதையுமே அனுப்பாம விட்டிருக்கலாமே டீச்சர்?"

"உங்கம்மா தீபாவளிக்கு அனுப்புவால்லா. அவ தட்ட வெறுந்தட்டா திருப்பி அனுப்ப முடியுமா? அவளுக்காகத்தான். உங்க ஆச்சிக்கா அனுப்புனேன்?"

நான் கொட்டியதைச் சொன்னேன். கொட்டுவதற்கு முன் ஒன்றை எடுத்துத் தின்றதையும் சொன்னேன். முப்பது வயதுக்கு மேல் ஒருவன் சொல்லிக்கொள்ளும் பாவமன்னிப்பு மாதிரி அது எனக்கே கூச்சமாக இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு டீச்சர்."

"இருக்கும். அப்போ எனக்குக் கை நல்லா இருந்துச்சு."

இந்த வருடம் முந்திரிக்கொத்து செய்யவில்லையா என்று கேட்டேன். சாப்பிடத் தயாராக, வருத்தப்பட்டுப் பண்பட்ட மனிதனாக, கையை நீட்டிக்கொண்டு வந்திருந்தேன். "இப்ப யாருப்பா வீட்டுல செய்தா? முட்டி வலிக்கு இதெல்லாம் ஆகுமா? எல்லாம் கடையிலதான்" என்றபடி உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கத்தரித்துத் தட்டில் கொட்டிக் கொண்டுவந்தார். டவுன் கடை அதிரசம். பாக்கெட்டின் பின்பக்கம் உட்பொருள் பட்டியலும் பதிவெண்ணும் எல்லாம் சரியாக இருந்தது.

"கடையில வாங்குனதுதான். சாப்பிடுதியா?" என்றார்.

சாப்பிட்டேன். டீச்சர் எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.